எனக்குச் சொந்தமில்லாத கழகம்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். அந்த நகரத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. கழகத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இனிமேல் அந்தப் பெயரை உன் வாயில் எடுக்காதே என்று ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் இருந்த ஓர் இத்தாலியக் காப்பிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. லண்டனுக்கு வந்த முதல் சில மாதங்கள் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டில் எட்டுத் தமிழ்ப் பெடியன்களோடு இருந்தேன். பிறகு பிரிக்ஸ்டனில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு அவர்களை விட்டு விலகிவிட்டேன். வேலைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் அந்த வீட்டின் கறி மணத்தோடு பஸ்ஸில் ஏறுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரி அந்தத் துறைமுக நகரத்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் வேறொருத்தியோடு பெட்ஃபோர்டுக்குப் போய்விட்டான் என்பதை வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். "காப்பி மெஷினை விட்டுவிட்டுப் போனானே, அதுவே பெரிய காரியம்" என்பாள். காலையில் முட்டையும் பன்றியிறைச்சியும் பொரிப்போம். மத்தியானம் பாஸ்தா. நான் கோப்பை கழுவுவேன், மேசை துடைப்பேன், நெரிசலான நேரத்தில் தட்டுகளைக் கொண்டுபோய் வைப்பேன்.

சேர்ந்து இரண்டு கிழமைக்குள் பஸ்ஸின் மேல்தட்டில் மூன்று வெள்ளைப் பெடியன்கள் என் தலையில் சிகரெட் சாம்பலைத் தட்டினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் நிறத்தவர் எல்லாரையும் ஒரே சொல்லால் அழைப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித் தட்டினார்கள். கண்டக்டர் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிக் கீழே இறங்கிப் போனார். அடுத்த நாள் கடையில், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர், தினமும் ஜன்னலோரத்தில் இருப்பவர், நான் தேநீரை வைத்தபோது நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"நீயும் இத்தாலியனா, மகனே?"

அவர் அன்பாகத்தான் கேட்டார். நான் கொஞ்சம் வெள்ளை. அம்மாவின் நிறம். தலைமயிரும் சுருள். முந்திய நாள் சாம்பல் விழுந்த இடம் இன்னும் எரிவதுபோல இருந்தது. "ஆம்" என்றேன். "தெற்குப் பக்கம்."

ஒரு சொல்தான். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. போர்க்காலத்தில் இத்தாலியில் இருந்தாராம், நல்ல சனம் என்றார். அன்று முதல் எனக்கு ஓர் இத்தாலியப் பெயரும் வந்தது. அவரே வைத்தார். மற்றவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள்.

கடைக்காரி கல்லாவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அந்த ஆள் போன பிறகு காப்பி மெஷினைத் துடைத்தபடி சொன்னாள்: "இத்தாலியன் என்றால் உனக்கு ஒரு கழகம் வேண்டும். கழகம் இல்லாத இத்தாலியனை நான் கண்டதில்லை. என்னுடையதை எடுத்துக்கொள். இரண்டாம் பிரிவில் கிடக்கிறது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஒரு கிழமையில் நானே உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவளிடம் கழகத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். பாத்திரம் கழுவும் நேரமெல்லாம் கேட்பேன். அவளுக்கும் லண்டனில் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

அந்தக் கழகத்தைத் தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். நிலக்கரிக் கப்பல்களோடு வந்த வியாபாரிகள், தூதரகத்துக்காரர்கள். முதலில் கிரிக்கெட் ஆடினார்களாம். அந்த நகரத்து மனிதர்களைத் தொடக்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பிறகு ஓர் ஆங்கில வைத்தியர் வந்து, உள்ளூர்க்காரரையும் சேர்க்கத்தான் வேண்டும் என்று வாதாடிக் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு நாட்டிலேயே பெரிய கழகமாகிவிட்டது. ஒன்பது தடவை வாகை சூடியது. ஒன்பதாவது தடவை அவளுடைய தகப்பன் அரைக்காற்சட்டை போட்டிருந்த வயதில். பத்தாவது வந்தால் சட்டையில் ஒரு நட்சத்திரம் குத்திக்கொள்ளலாம். அந்தப் பத்தாவது வரவே இல்லை.

"தகப்பன் காத்திருந்தார். நான் காத்திருக்கிறேன். நட்சத்திரம் பார்க்கவேண்டுமென்றால் வானத்தைத்தான் பார்க்கவேண்டும்" என்பாள்.

சட்டை பாதி சிவப்பு, பாதி கருநீலம். அதே நகரத்தில் போருக்குப் பிறகு இரண்டு சிறிய கழகங்களை ஒட்டவைத்து இன்னொரு கழகம் உண்டாக்கினார்கள். அதைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவள் குரல் மாறிவிடும். "போன கிழமை பிறந்ததுகள்" என்பாள். நாற்பது வருஷத்துக்கு முந்திய விஷயம் அது.

ஆனால் அவள் எனக்குச் சொன்னவற்றில் மிகப் பெரியது அவளுடைய தகப்பனின் பற்களைப் பற்றியது. சர்வாதிகாரியின் காலத்தில் ஆங்கிலப் பெயர்கள் எதுவும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்ததாம். கழகமும் தன் ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு இத்தாலிய மொழியில் ஒரு பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுடைய தகப்பன் அப்போது துறைமுகத்தில் மூட்டை இறக்கும் இளைஞன். மைதானத்தில் எல்லாரும் புதிய பெயரைக் கத்தும்போது அவர் மட்டும் பழைய பெயரைக் கத்தினார். ஆட்டம் முடிந்ததும் சர்வாதிகாரியின் கறுப்புச் சட்டைக்காரர் நாலு பேர் அவரைப் படிக்கட்டின் கீழே கொண்டுபோய் முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டார்கள். போர் முடிந்து பழைய பெயர் திரும்பி வந்தபோது முதல் ஆட்டத்துக்குப் போனார். மகளையும் தோளில் வைத்துக்கொண்டு போனார். பல் இல்லாத ஓட்டைவழியாக அந்தப் பெயரைச் சொல்லும்போது சீழ்க்கைபோல ஒரு சத்தம் வருமாம். அவள் அதைச் செய்து காட்டுவாள்.

நான் ஒரு முறை கேட்டேன்: "உங்களை உள்ளே விடாதவர்கள் வைத்த பெயர்தானே அது? அதைப் போய் ஏன் திரும்ப எடுத்தீர்கள்?"

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "யார் வைத்தால் என்ன? அதைச் சொன்னதற்காகப் பல் போனது எங்களுக்குத்தானே?"

அந்தப் பதில் அன்றைக்கு என் மனதில் ஏறவேயில்லை. எனக்குக் கதைதான் தேவையாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் அந்தப் பற்கள் என்னுடைய தாத்தாவின் பற்களாகிவிட்டன. எதிரே இருந்த வங்கிக் கிளையில் வேலைசெய்த பெண்ணொருத்தி மத்தியானம் சாப்பிட வருவாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். படிக்கட்டு, கறுப்புச் சட்டை, சீழ்க்கைச் சத்தம் எல்லாவற்றையும் கையை ஆட்டிச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு பத்திரிகையில் இத்தாலிய ஆட்டங்களின் முடிவு இரண்டு வரியில் வந்தாலும் வெட்டிக்கொண்டு வந்து தருவாள். அன்று நான் அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது கடைக்காரி சமையலறை ஜன்னலால் ஒரு தட்டை நீட்டினாள். வழமையைவிடக் கொஞ்சம் பலமாக வைத்தாள். 

எங்கள் ஆட்கள் கடைக்கு வந்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. பக்கத்துத் தெருக்களில் சில வீடுகளில் தமிழ்ப் பெடியன்கள் வந்து குடியேறத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் போனாலும் நான் குனிந்து மேசையின் காலைத் துடைப்பேன்.

எண்பத்தெட்டு மாசி மாதம். நல்ல மழை. மத்தியான நேரம், கடை நிறைய ஆட்கள். பஸ் ஓட்டுநர் தன் இடத்தில் இருந்தார். வங்கிப் பெண் தன் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கதவு திறந்தது. மெல்லிய காற்சட்டையும் கோடைக்கால மேற்சட்டையும் போட்ட ஒருவர் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. மற்றக் கையில் மடித்த கடிதம். கடிதம் நனையாதபடி அதைச் சட்டைக்குள் பாதி செருகியிருந்தார்.

ஊரில், ரயில் ஸ்ரேசனடியில் இருந்த எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்தவர் அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை எப்போதும் உரிமையோடு 'நீர், வாரும், இரும்' என்பார்; 'வாங்கோ, இருங்கோ' எல்லாம் வெளியாட்களுக்குத்தான். என் பரீட்சை முடிவை அவர்தான் கொண்டுவந்தார். படலையிலேயே நின்று மணி அடித்து, பள்ளிக்கூட ரீச்சரான என் அம்மாவுக்குக் கேட்க, "ரீச்சர், நல்ல செய்தியாத்தான் இருக்கும், பெருத்த கடிதம்" என்று கத்தினார். நான் வெளிநாடு வந்த பிறகு என் கடிதங்களை அம்மாவின் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

அவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி! நீர் ஸ்ரேசனடி ரீச்சற்றை மூத்தவர் எல்லே? லண்டனிலை நிக்கிறார் எண்டு அம்மா சொன்னவ. கடவுளே, இஞ்சையோ நிக்கிறீர்!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கையில் இரண்டு தட்டுகள் இருந்தன. வங்கிப் பெண் வாயருகே கொண்டுபோன முள்ளுக்கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மன்னிக்கவேண்டும் ஐயா" என்றேன் ஆங்கிலத்தில். கடைக்காரி பேசும் மாதிரியே, சொல்லின் வாலை இழுத்துச் சொன்னேன். "எனக்கு விளங்கவில்லை. நான் இத்தாலியன்."

அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சநேரம் முகத்தில் நின்றது, எங்கே போவதென்று தெரியாததுபோல. என் கண்ணைப் பார்த்தார். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சொறி சேர், மிஸ்ரேக்" என்றார்.

என்னை அவர் சேர் என்றார்.

கடைக்காரி வெளியே வந்து அவரை ஒரு கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் அவருக்கு ஒரு மணிக்குச் சந்திப்பு. அந்த அலுவலகம் எனக்குத் தெரியும். நாலு தெரு தள்ளி, பூக்கடைக்கு மேலே. என்னுடைய தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களும் அவர்கள்தான். அங்கே போவதற்காகக் கடைக்காரியிடம் பலமுறை லீவு கேட்டிருக்கிறேன்.

"இது எங்கே இருக்கிறது?" என்று அவள் என்னிடம் கேட்டாள். "உனக்குத் தெரியும்."

"தெரியாது" என்றேன்.

அவள் கடிதத்தை அவரிடம் கொடுத்து, பெரிய தெருவைக் காட்டி, அங்கே போய் யாரையாவது கேளுங்கள் என்றாள். அவர் தேநீரைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று அவளுக்குக் கைகூப்பினார். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துவிடக்கூடாது என்று கவனமாக இருந்தவர்போல இருந்தது.

"பாவம்" என்றாள் வங்கிப் பெண். "உன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்."

கடை ஓய்ந்த பிறகு கடைக்காரி கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் திருப்பினாள். மூன்று மணிக்கு அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

"அந்த ஆள் உன் ஊர்க்காரன்."

"ஆம்."

"உனக்குக் கெடுதல் செய்தவனா?"

"இல்லை."

அவள் துணியை எடுத்து ஒரு மேசையைத் துடைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"நாளையிலிருந்து எவனாவது கேட்டால் உனக்குக் கழகம் கிடையாது என்று சொல். அதன் பெயரை உன் வாயில் எடுக்காதே. அது ஒளிந்துகொள்வதற்கு இல்லை." பிறகு, கையிலிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் அப்பாவையும் திருப்பிக் கொடு."

 கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போய்விட்டேன். அந்த அலுவலகத்துக்கு ஓடிப்போய் விசாரித்து, அவரைத் தேடி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அலுவலகம் மூட நேரம் இருந்தது. மழையும் விட்டிருந்தது. நான் பஸ் ஏறி அறைக்குப் போனேன்.

இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டேன். அந்த இரண்டு மாதமும் ஒரு தமிழரும் கடைக்கு வரவில்லை. முன்பு கண்ணாடிக்கு வெளியே போனவர்கள்கூட எதிர்ப்பக்க நடைபாதையால் போவதுபோல எனக்குப் பட்டது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்துக்குச் சாமான் அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. அங்கே எங்கள் ஆட்கள் பாதிப்பேர். என் சொந்தப் பெயரில் வேலைசெய்தேன். கலியாணம் செய்தேன். மனைவிக்குக் காப்பிக்கடையில் வேலைசெய்தேன் என்று மட்டும் சொன்னேன்.

தொண்ணூற்றிரண்டு வசந்தத்தில் அந்தக் கழகம் இங்கிலாந்துக்கு வந்து, வடக்கே ஒரு பெரிய ஆங்கிலக் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே வென்றது. பத்திரிகையில் படித்தபோது என்னால் வீட்டில் இருக்கமுடியவில்லை. ஸ்ட்ரெதம் போனேன். கடைக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பில் நின்று பார்த்தேன். காப்பி மெஷினுக்கு மேலே சிவப்பும் கருநீலமுமாக ஒரு சால்வை தொங்கியது. அவள் யாருக்கோ கையை விரித்து விரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். தெருவைக் கடந்து போய் ஒரு வாழ்த்துச் சொல்ல எனக்குக் கால் எழவில்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம். கிங்ஸ்பரியில் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். அந்த நாட்களில் ஞாயிறு மத்தியானங்களில் இத்தாலிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். நான் உள்ளே போனபோது திரையில் சிவப்பும் கருநீலமும். சோபாவின் மூலையில் மடியில் கேக் தட்டோடு தபாற்காரர் இருந்தார்.

 அவர் நிமிர்ந்து பார்த்து, தெரிந்தவரைக் கண்டதுபோலத் தலையை ஆட்டினார். இடம் விட்டு நகர்ந்தார். பக்கத்தில் இருக்கவேண்டியதாயிற்று. திரையில் ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். "உது எந்த ரீம்?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

அவர் எழுந்து பின்வளவுக்குப் போனபோது பின்னாலேயே போனேன். ஊஞ்சலில் பிள்ளைகள் சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, ஸ்ட்ரெதமிலை ஒருநாள்..."

"தெரியும் தம்பி. கண்ட உடனையே தெரிஞ்சிட்டுது. அம்மான்ரை முகம் அப்பிடியே."

"அண்டைக்கு நான்..."

"அதை விடும். பிழை என்னிலை. கடையிலை ஆக்கள் நிறைஞ்சு போயிருக்கேக்கை நான் தமிழிலை கத்திப்போட்டன். நீர் வேறை பேரிலை வேலை செய்யிறீர், விசா இல்லையாக்கும் எண்டு பிறகுதான் எனக்கு ஓடினது. பெடியனைக் காட்டிக் குடுக்கப் பாத்திட்டனே எண்டு ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. எங்கடை வீட்டிலை இருந்த பெடியள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அந்தக் கடைப்பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது, எங்கடை பிள்ளையொண்டு அங்கை கஷ்டத்திலை நிக்குது எண்டு. மற்ற வீட்டுக்காரருக்கும் சொன்னனாங்கள்."

நான் அதிர்ஷ்டம் என்று நினைத்தது இவர்கள் எனக்காகத் தெருவைக் கடந்து நடந்ததைத்தான்.

"வழக்கறிஞரிட்டைப் போய்ச் சேந்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓமோம். ஒரு கறுப்பு மனுசி குடைக்குள்ளை கூட்டிக்கொண்டு போய் விட்டவ. கொஞ்சம் சுணங்கிப் போச்சு, பிறகு வேறை நாள் தந்தவை. இப்ப எல்லாம் சரி. இஞ்சையும் கடிதம் பிரிக்கிற வேலைதான் பாக்கிறன்." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "விசா இல்லாமல்தானே நிண்டனீர்?"

அன்று அந்தக் கடையில் நான் இரண்டு தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அனுமதிக் கடிதம் என் அறையில், பெட்டிக்குள், ஒன்பது மாதமாக இருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன்.

முதல் பொய்க்கு ஒரு காரணம் சொல்லலாம். பயந்தேன், இளவயது, தலையில் சாம்பல் விழுந்திருந்தது. இந்தப் பொய்க்கு ஒன்றுமில்லை. எனக்கு முப்பது வயது. பின்வளவில் வெயில். எனக்கு முன்னால் நின்றவர் என்னை மன்னிக்கவே தயாராக இருந்தவர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்கமுடியாதது. அவர் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னார். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கோயில் அன்னதானம், எங்கே நாங்கள் சந்தித்தாலும் புதிதாக யாராவது இருந்தால் என் தோளில் கையைப் போட்டுத் தொடங்கிவிடுவார். "இப்ப வாற பிள்ளையளுக்கு என்ன தெரியும்? இவர் பட்ட பாடு! விசா இல்லாமல், தாய்மொழி கதைக்க ஏலாமல், இத்தாலியன் மாதிரி நடிச்சு, ஊர் ஆளைக் கண்டாலும் ஓம் எண்டு சொல்ல ஏலாமல்..." சனம் உச்சுக் கொட்டும். பெண்கள் என் தட்டில் இன்னொரு வடையை வைப்பார்கள். நான் குனிந்து தின்பேன். என் அடக்கத்தையும் புகழ்ந்தார்கள்.

மனைவி முதல்முறை அதைக் கேட்டபோது வீட்டுக்கு வந்து அழுதாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். அந்த அழுகையையும் நான் வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் படிவங்கள் நிரப்பினோம். எழுத்து வேலையெல்லாம் மனைவிதான். குசினி மேசையில் என் பழைய கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதிலை எண்பத்தேழு வைகாசி எண்டு கிடக்கு."

"ஓம்."

"தபால்கார அண்ணை கடைக்கு வந்தது எண்பத்தெட்டிலை எல்லே?"

"ஓம்."

"அப்ப விசா இருந்திருக்கு."

 அவள் பேனையை மூடி வைத்தாள். "பிறகென்னத்துக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், சாம்பல், இத்தாலியப் பெயர், கழகம். கடைக்காரியின் தகப்பனை என் தாத்தாவாக்கியதையும் சொன்னேன். கறி மணத்துக்கு வெட்கப்பட்டதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்தாளின்ரை பல்லையுமோ எடுத்தனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"அண்ணைக்குச் சொல்லோணும்."

"சொன்னா நோகும்."

"ஆருக்கு?"

அடுத்த சனிக்கிழமை போனோம். அந்தக் கிழமைதான் அந்தக் கழகம் கடைசி ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் தோற்று மறுபடியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. வழியில் பத்திரிகைக்கடையில் பின்பக்கத்து மூலையில் சிறிய செய்தியாகப் பார்த்தேன். மனைவி வாசலில் நிறுத்திய காரிலேயே, கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்துகொண்டாள். "நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. நான் வந்தா அவர் எனக்காகச் சிரிப்பார்" என்றாள்.

தபாற்காரர் வீட்டு முற்றத்தில் மகளின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "வாரும், வாரும். இரும், கையைத் துடைச்சிட்டு வாறன்" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. அப்போது விசா இருந்தது அண்ணை, ஒரு வருஷத்துக்குக் கிட்டவாக இருந்தது, அந்த அலுவலகம் எங்கே என்பதும் எனக்குத் தெரியும், என்றேன். கிங்ஸ்பரியிலும் பொய்தான் சொன்னேன் என்றேன்.

அவர் எண்ணெய்க் கையோடு அப்படியே குந்தியிருந்தார். சைக்கிள் சில்லு மெதுவாகச் சுற்றி நின்றது.

"அப்ப என்னைக் கண்டு வெக்கப்பட்டனீரோ?"

"ஓம்."

"நனைஞ்சு போய் வந்தனான். சொப்பிங் பையோடை." நினைத்துப் பார்த்தார். "கோடைச் சேட்டு வேறை. அதோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப என்ன?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அறியவேண்டும் என்றுதான் கேட்டார். அதனால் நானும் உண்மையைச் சொன்னேன்.

"நீங்கள் தமிழ் கதைச்சது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேறை என்னத்தைக் கதைக்கிறது நான்?" என்றார்.

 மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, கேட்டது காதில் விழுந்தது என்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு எழுந்து, கதவைத் திறந்து விட்டு, "உள்ளுக்கை வந்து இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. தங்கச்சியையும் கூப்பிடுங்கோ, வெயிலுக்கை இருக்கிறா" என்றார்.

தேநீர் குடித்தோம். மனைவியோடு நன்றாகக் கதைத்தார். மகளின் படிப்பு, வேலை, ஊரில் தபாற்கந்தோர் இடிந்து கிடப்பது. என்னோடும் கதைத்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கதையை அவர் எங்கும் சொன்னதில்லை. ஒருமுறை கோயிலில் யாரோ, "அண்ணை, அந்த இத்தாலியன் கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள்.  "அது பழங்கதை, விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, செருப்புத் தேடுவதுபோலக் குனிந்தார். உண்மை இன்னதென்று அவர் யாருக்கும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் என் தட்டில் வடை வைத்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது மனைவி கேட்டாள்:

"கவனிச்சனீங்களோ? வந்த உடனை 'இரும்' எண்டவர். பிறகு 'இருங்கோ, போங்கோ' எண்டவர்."

"ஓம்" என்றேன். "கவனிச்சனான்."